மூன்று பந்துகளும் பன்னிரண்டு மணி நேரமும்

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயர் பலர் இயன்முறைச் சிகிச்சைப் பிரிவில் தவறாது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இந்தப் பயிற்சியை இன்னும் எத்தனை நாள் செய்ய வேண்டும்?” உடனிருப்போர் அதையே வேறு விதமாகக் கேட்பர்: “இவ்வளவு நாள் செய்தும் ஒன்றும் தெரியவில்லையே, விட்டுவிடலாமா?” இக்கேள்விகளுக்கான விடையின் ஒரு பகுதி, எவரும் தேடிச் செல்லாத ஓரிடத்தில் கிடைக்கிறது.

சர்க்கஸ் கூடாரத்தில் கோமாளி மூன்று பந்துகளை மாறி மாறி மேலே எறிந்து பிடிப்பதைக் கண்டிருப்பீர்கள். ஜக்ளிங் எனப்படும் அவ்வித்தையில், பந்து தரையில் விழாமல் மிக நீண்ட நேரம் யார் சுழற்றுகிறார் என்று பார்க்கும் போட்டிகள் நடைபெறுகின்றன. அப்போட்டியாளர்கள் தம் உடலை எவ்வாறு சிக்கனமாக நடத்துகின்றனர் என்பதும், அதே வித்தையைப் புதிதாகக் கற்றோரின் மூளையில் ஆய்வாளர்கள் கண்டதும், நெடுங்காலப் பயிற்சியில் இருப்போர் அறியத்தக்கவை.

நமக்கும் இது முற்றிலும் அயலானதன்று. மகளிர் காய்களை மேலே வீசிப் பிடித்துப் பாட்டுடன் ஆடும் அம்மானை, பெண்பாற் பிள்ளைத்தமிழில் ஒரு பருவமாகவே வைத்துப் பாடப்பெறுகிறது. கொங்குவேளிரின் பெருங்கதையில் ‘பந்தடி கண்டது’ என்றொரு பகுதி உள்ளது. அரண்மனை மகளிர் ஒருவர் பின் ஒருவராக வந்து பந்தடித்து, எத்தனை அடி என்று எண்ணிப் போட்டியிடுவதை அது விரிவாகச் சொல்லும். தவறாமல் எத்தனை முறை என்பதே அங்கும் கணக்கு.

எத்தனை பந்து, எவ்வளவு நேரம்

மேலைநாடுகளில் இவ்வித்தைக்கெனச் சங்கங்கள் உள்ளன. பன்னாட்டு ஜக்ளர் சங்கம் அமெரிக்காவில் 1947-ஆம் ஆண்டு தோன்றியது. ஐரோப்பியக் கலைஞர்கள் ஆண்டுதோறும் கூடும் மாநாடு 1978-இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் தொடங்கியது. இத்தகைய கூட்டங்களில் நடைபெறும் விளையாட்டுகளுள் நீடிப்புப் போட்டியும் ஒன்று. அதன் விதி மிக எளியது. அனைவரும் ஒரே நேரத்தில் தொடங்குவர். பந்தைத் தவறவிட்டவர் விலகிக்கொள்வார். கடைசி வரை நிற்பவரே வென்றவர்.

பந்துகளின் எண்ணிக்கை கூடும்போது நீடிக்கும் நேரம் எவ்வளவு விரைவாகச் சுருங்குகிறது என்பதைச் சில பதிவுகள் காட்டும். 2012-இல் பிரிட்டனைச் சேர்ந்த அலெக்ஸ் பாரன் 11 பந்துகளைச் சுழற்றி 23 முறை பிடித்தார். அது சில வினாடிகளில் முடிந்துவிடும் செயல். ஆயினும் அத்துறையில் பெருஞ்சாதனையாகப் போற்றப்பட்டது. இக்கலையின் தலைசிறந்தவர்களுள் ஒருவரெனக் கருதப்படும் அந்தோணி கட்டோ, 1989-இல் ஐந்து கட்டைகளை 45 நிமிடம் 2 வினாடி சுழற்றினார். மூன்று பொருள்களுக்கு வரும்போது கணக்கு மணியில் செல்கிறது. டேவிட் ஸ்லிக் என்பவர் 2009-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மூன்று பந்துகளை 12 மணி 5 நிமிடம் இடைவிடாது சுழற்றியது கின்னஸ் பதிவேட்டில் இடம்பெற்றது.

நீடிப்பின் மற்றொரு வடிவம், ஓடிக்கொண்டே சுழற்றுவது. ‘ஜாகிங்’, ‘ஜக்ளிங்’ ஆகிய இரு சொற்களையும் இணைத்து இதற்கு ‘ஜாக்ளிங்’ என்று பெயரிட்டுள்ளனர். கேலிக்கூத்துபோல் தோன்றினும், இதில் ஈடுபடுவோர் முழு மாரத்தானையும் ஓடுகின்றனர். கனடாவைச் சேர்ந்த மிகல் காப்ரல், 2007-ஆம் ஆண்டு டொராண்டோ மாரத்தானில் மூன்று பந்துகளைச் சுழற்றியபடியே 42.195 கிலோமீட்டரை 2 மணி 50 நிமிடம் 12 வினாடியில் கடந்தார். கைகளில் எதுவும் இன்றி ஓடுவோரிலும் பெரும்பாலோர்க்கு எட்டாத வேகம் அது.

ஓர் இட்லியின் ஆற்றல்

பன்னிரண்டு மணி நேரம் சுழற்றுவதற்கு இரும்புபோன்ற கைகள் வேண்டும் என்றே எவருக்கும் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் அவ்வெண்ணம் மாறிவிடும்.

வினாடிக்கு மூன்று எறிகள் எனக் கொள்வோம். 12 மணி 5 நிமிடம் என்பது 43,500 வினாடி. எனவே மொத்தம் ஏறத்தாழ 1,30,000 எறிகள்; ஒவ்வொரு கைக்கும் 65,000. பந்து ஒன்றின் எடை 100 கிராம் என்றும், அது கையிலிருந்து 40 சென்டிமீட்டர் மேலெழுகிறது என்றும் வைத்துக்கொண்டால், அத்தனை எறிகளிலும் பந்தை உயர்த்தச் செய்த வேலை 12 கிலோகலோரி அளவே ஆகிறது. நம் தசைகள் செலவிடும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்களவே வேலையாக மாறும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் ஐம்பது கிலோகலோரியைத் தாண்டாது. ஒரு சிறிய இட்லி தரும் ஆற்றல் அவ்வளவு.

அப்படியானால் போட்டியாளரைக் களைப்படையச் செய்வது எது? பந்தைத் தவிர மற்ற அனைத்தும் என்றே கூறலாம்: முன்கைகளை மணிக்கணக்கில் ஏந்திப் பிடிக்கும் தோள், மேல்நோக்கியே நிற்கும் கழுத்து, அசையாது நிற்கும் கால், விலகாத கவனம். தசை ஒன்று சுருங்கித் தளர்ந்து சுருங்கும்போது அதனுள் குருதி தாராளமாகப் பாய்கிறது. சுருங்கிய நிலையிலேயே இருந்தால் அத்தசையே தன் குருதிக்குழாய்களை நெருக்கிவிடுகிறது. சிறிது நேரத்தில் எரிச்சலும் வலியும் தோன்றுகின்றன. எனவே தேர்ந்தவர் முழங்கையை விலாவை ஒட்டித் தொங்கவிட்டு, முன்கையைத் தரைக்கு இணையாக வைத்து, தோளை இறக்கியே வைத்திருப்பார். உடல் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றிக்கொண்டே இருப்பார். கெண்டைத்தசை அசையாவிடில் குருதி கால்களில் தேங்கித் தலைசுற்றல் வரக்கூடும் என்பது நெடுநேரம் நிற்கும் எவருக்கும் பொருந்தும்.

புதிதாகக் கற்பவர் செய்வது இதற்கு நேர்மாறானது. தோளைக் காதுவரை தூக்குவார், பல்லைக் கடிப்பார், மூச்சை அடக்குவார். இதனை எழுதுகையில் எங்கள் பிரிவில் நாள்தோறும் காணும் காட்சியே நினைவிற்கு வருகிறது. பக்கவாதத்திற்குப் பின்னரோ தோள் அறுவைக்குப் பின்னரோ ஒரு தம்ளரை எடுக்க முயல்பவர், கையை உயர்த்துவதற்குப் பதிலாகத் தோளையே உயர்த்துவார், மூச்சையும் நிறுத்திக்கொள்வார். “தோளை இறக்குங்கள், மூச்சை விடுங்கள்” என்று நாங்கள் சலிக்காமல் சொல்வது கண்டிப்பினால் அன்று. தேவையற்ற தசைகள் வேலை செய்யும்வரை தேவையான தசைக்கு வேலை கிடைப்பதில்லை. நோயரும் பத்தே நிமிடத்தில் சோர்ந்துவிடுவார்.

எறியின் உயரத்திலும் இதே சிக்கனம் உள்ளது. 40 சென்டிமீட்டர் எழும் பந்து அரை வினாடிக்குச் சற்று மேல் காற்றில் இருக்கும். அந்நேரத்தை இரு மடங்காக்க விரும்பினால் உயரத்தை இரு மடங்காக்கினால் போதாது. நான்கு மடங்காக்க வேண்டும். மேலும், கை சிறிது கோணினால் பந்து எவ்வளவு விலகி விழும் என்பதும் உயரத்தைப் பொறுத்தே கூடுகிறது. நான்கு மடங்கு உயரத்தில் எறிந்தால் அதே கோணல் நான்கு மடங்கு விலகலாகிவிடும். உயர எறிந்தால் நிதானிக்க நேரம் கிடைக்கும் என்று புதியவர் நம்புகிறார். உண்மையில் அவர் பந்தைத் துரத்தி அங்குமிங்கும் நகர்ந்தே களைக்கிறார். தாழவும் சீராகவும் எறிபவரே நெடுநேரம் நிற்கிறார்.

பார்வை குறித்தும் ஒரு செய்தி. ஜக்ளிங் செய்பவர் தம் கைகளைப் பார்ப்பதில்லை. பந்து எழுந்து திரும்பும் உச்சியையே பார்க்கிறார். 1970-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஹோவர்ட் ஆஸ்டின் என்பவர், கைக்கும் கண்ணுக்கும் இடையே திரையிட்டு இதனைச் சோதித்தார். ஓரளவு தேர்ந்தவர்க்கு, பந்தின் பாதையில் உச்சியை ஒட்டிய ஓர் அங்குலம் மட்டும் தெரிந்தாலே பிடிப்பதற்குப் போதுமானதாக இருந்தது. எஞ்சியதைக் கையே அறிந்து செய்கிறது. ஓடிக்கொண்டே சுழற்றுவோர்க்கும் இத்தாளமே துணை. நிமிடத்திற்கு 180 அடி வைத்து ஓடுபவர் வினாடிக்கு மூன்று அடி வைக்கிறார். மூன்று பந்துகளின் எறிவேகமும் ஏறத்தாழ அதுவே. அடிக்கு ஓர் எறி என்று இரண்டும் இணைந்துவிடுகின்றன.

பந்து விழுந்தால்

இரு வகைப் போட்டிகளிலும் பந்து விழுவதற்கான விதி வேறு வேறு. நின்று சுழற்றும் சாதனை முயற்சியில் ஒரு பந்து விழுந்தால் எல்லாம் முடிந்தது. பதினோராம் மணியில் விழுந்தாலும் அதே தீர்ப்பு. ஓடுவோர்க்கான விதி கனிவானது. பந்து விழுந்தால், அதை எடுத்துக்கொண்டு விழுந்த இடத்திற்குத் திரும்பி, அங்கிருந்து சுழற்றியபடியே ஓட்டத்தைத் தொடரலாம். தொடக்கக் கோட்டிற்குத் திரும்ப வேண்டியதில்லை. இழந்த நேரத்திற்காக வேறு தண்டனையும் இல்லை.

வீட்டுப் பயிற்சியில் இருக்கும் நோயர் பலர், தம்மையறியாமல் முதல் விதியைத் தமக்கு விதித்துக்கொள்கின்றனர். காய்ச்சலாலோ, ஊரில் ஒரு விசேஷத்தாலோ நான்கு நாள் பயிற்சி விட்டுப்போனால், “எல்லாம் போயிற்று” என்று நிறுத்திவிடுகின்றனர். வேறு சிலர் விட்ட நான்கு நாளையும் ஒரே நாளில் ஈடுகட்ட முனைந்து, வீங்கிய மூட்டுடன் எங்களிடம் வருகின்றனர். இரண்டும் வேண்டா. விட்ட இடத்தின் அளவிலேயே, அல்லது அதற்குச் சற்றுக் குறைந்த அளவில் தொடங்கினால் போதும். இடைவெளி இரு வாரங்களுக்கு மேல் நீண்டிருந்தால் மட்டும், தொடங்குமுன் உங்கள் இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்க.

உடனிருப்போர்க்கும் இப்போட்டிகளில் ஒரு செய்தி உண்டு. பன்னிரண்டு மணி நேரம் சுழற்றுபவரின் இரு கைகளும் ஒழிவதில்லை. அவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டுமெனினும் வேறொருவர் குழலை வாயருகே பிடிக்க வேண்டும்; முகத்தில் வியர்வை வழிந்தால் மற்றொருவர் துடைக்க வேண்டும். முயற்சியைக் கண்காணிக்கும் சாட்சிகளும் வேண்டும். நெடுநேரச் சாதனைகளில் ஒரே சாட்சி முழு நேரமும் இருப்பதைக் கின்னஸ் அமைப்பு ஏற்பதில்லை. முறை வைத்து மாற வேண்டும் என்பது அதன் விதி. சுழற்றுபவர் மாறாமல் இருக்கலாம், பார்த்துக்கொண்டு இருப்பவர் மாறித்தான் ஆக வேண்டும் என்பது எத்தனை நுட்பமான ஏற்பாடு! நம் வார்டுகளிலோ ஒரே மகள், அல்லது ஒரே மருமகள், இரவும் பகலும் கட்டிலருகே அமர்ந்திருப்பதைப் பெருமையாகவே பேசுகிறோம். மூன்றாம் நாளில் அவர் மாத்திரை வேளையைத் தவறவிட்டால் அது அவர் குற்றமாகிவிடுகிறது. குடும்பத்தினர் சேர்ந்து ஒரு தாளில் முறைப்பட்டியல் எழுதிக்கொள்வது செவிலியர்க்கும் உதவியாக இருக்கும்.

மூளையில் நிகழ்வது

இனி, தொடக்கத்தில் கூறிய கேள்விக்கு வருவோம். வளர்ந்தோரின் மூளை அமைப்பில் பயிற்சியால் மாற்றம் நிகழாது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2004-இல் ஜெர்மனியின் ரேகன்ஸ்புர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிராகான்ஸ்கியும் குழுவினரும் இதனைச் சோதிக்க ஜக்ளிங்கைத் தேர்ந்தெடுத்தனர். காரணம் எளியது: பெரும்பாலோர்க்கு அது தெரியாது, எவரும் சில வாரங்களில் கற்கலாம், கற்றாரா இல்லையா என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. 24 பேரில் ஒரு பகுதியினர் மூன்று மாதம் பயின்று, மூன்று பந்துகளை ஒரு நிமிடமாவது தவறாமல் சுழற்றும் நிலையை அடைந்தனர். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எம்.ஆர்.ஐ. படங்கள் எடுக்கப்பட்டன. அசையும் பொருள்களைக் கண்டறியும் மூளைப் பகுதிகளில் சாம்பல் நிறத் திசு பெருகியிருந்தது. பின்னர் மூன்று மாதம் பந்தைத் தொடாமலிருக்கச் செய்து மீண்டும் படமெடுத்தபோது, பெருகியதில் பெரும்பகுதி குறைந்துவிட்டிருந்தது.

2009-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் ஷோல்ஸ் என்பவரின் குழு இன்னொரு கோணத்திலிருந்து ஆராய்ந்தது. நாளொன்றுக்கு அரைமணி நேரம் என ஆறு வாரம் பயின்றோரின் மூளையில், நரம்புப் பகுதிகளை இணைக்கும் வெண்ணிறத் திசுவிலும் மாற்றம் காணப்பட்டது. இவ்வாய்வில் எம் கவனத்தை மிகவும் ஈர்ப்பது வேறொன்று. நன்கு சுழற்றக் கற்றவர்க்கு அதிக மாற்றம், தடுமாறியவர்க்குக் குறைந்த மாற்றம் என்றில்லை. எவ்வளவு திறமை அடைந்தனர் என்பதோடு மாற்றத்தின் அளவு பொருந்தவில்லை. பயிற்சியில் செலவிட்ட நேரமே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். “செய்தும் ஒன்றும் தெரியவில்லையே” என்று வருந்துவோர் இதனை மறுமுறை வாசிக்கலாம்.

முதுமையினர்க்கு இது பொருந்துமா? முதல் ஆய்வோடு தொடர்புடைய குழுவினரே 2008-இல் அறுபது வயதை ஒட்டியோர்க்கு மூன்று பந்து வித்தையைக் கற்பித்துப் பார்த்தனர். ஒரு நிமிடம் தவறாமல் சுழற்றும் நிலையை எட்டியவர்கள், இளையோரை நோக்கக் குறைவே. ஆயினும் கற்றவர்களின் மூளையில் அதே பார்வைப் பகுதியிலும், நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் பகுதியிலும் மாற்றம் காணப்பட்டது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. இவ்வாய்வுகளில் பங்கேற்றோர் நலமுடையோர். பக்கவாத நோயரோ, மறதி நோயரோ அல்லர். ஜக்ளிங் செய்தால் பக்கவாதம் குணமாகும், ஞாபகமறதி வராது என்று எவரேனும் கைபேசியில் செய்தி அனுப்பினால் நம்ப வேண்டா. அவ்வாறு எவரும் மெய்ப்பிக்கவில்லை. எம்.ஆர்.ஐ. படத்தில் ஒரு பகுதி பெருகியது தெரியும். அங்கே உயிரணுக்களில் நிகழ்ந்தது என்ன என்பதை அப்படம் காட்டாது. இவற்றிலிருந்து துணிந்து கூறத்தக்கது இவ்வளவே: வயது வந்த மூளையும் பயிற்சிக்கு இணங்குகிறது, வெளியே திறமை தெரியாத காலத்திலும் உள்ளே மாற்றம் நடந்துகொண்டிருக்கலாம், நெடுநாள் கைவிட்டால் அடைந்ததில் ஒரு பகுதி திரும்பிப் போய்விடக்கூடும். “இன்னும் எத்தனை நாள்” என்ற கேள்விக்கு நாங்கள் ஒரு தேதியைச் சொல்லாமல், “சிறிதளவேனும் தொடருங்கள்” என்று விடையளிப்பது இதனால்தான்.

முயன்று பார்க்க விரும்பினால்

யார் இப்போது தொடங்கக் கூடாது என்பதை முதலில் கூறுவது நலம். அண்மையில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர், அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தலாம் என்று இதய மருத்துவர் கூறும்வரை காத்திருக்க வேண்டும். நெஞ்செலும்பைப் பிளந்து இதய அறுவை செய்துகொண்டவர், அவ்வெலும்பு கூடும்வரை கைகளை வீசும் எப்பயிற்சியையும் தவிர்க்க வேண்டும். டயாலிசிஸுக்காகப் புதிதாக ஃபிஸ்டுலா வைக்கப்பட்ட கை, கண்புரை அறுவை நடந்து சில வாரமே ஆன கண், கிறுகிறுப்பு, கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தம் ஆகியவற்றிற்கும் மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். கையில் ஊசிக்குழாய் பொருத்தப்பட்டிருக்கும்போது இவ்விளையாட்டு வேண்டவே வேண்டா.

ஒப்புதல் கிடைத்தவர் கட்டிலை நோக்கி நின்றுகொள்ளட்டும். இது ஜக்ளிங் ஆசிரியர்கள் சொல்லும் பழைய உபாயம். விழும் பந்து மெத்தையில் விழும். ஒவ்வொரு முறையும் தரைவரை குனிய வேண்டியதில்லை. முதுகுவலி உடையோர்க்கும், எலும்புத் தேய்மானம் உடையோர்க்கும், குனிந்து நிமிர்கையில் தலைசுற்றல் வருவோர்க்கும் இது சிறிய உதவியன்று. நிற்க இயலாதவர் மடியில் ஒரு துண்டை விரித்து, கைப்பிடியுள்ள நாற்காலியில் அமர்ந்து செய்யலாம்.

கடைப் பந்து வேண்டியதில்லை. துள்ளும் ரப்பர் பந்து உருண்டோடிவிடும். அதைத் துரத்தி ஓடுவதே விபத்திற்குக் காரணமாகலாம். பழைய காலுறையில் ஒரு கைப்பிடிப் பயறு இட்டுக் கட்டினால் 100 கிராம் எடையில் நல்ல பந்து கிடைக்கும். விரல்களில் பிடிமானம் குறைந்தோர் மெல்லிய நைலான் கைக்குட்டையில் தொடங்குவது மேல். அது காற்றில் மெதுவாக இறங்குவதால் நிதானித்துப் பிடிக்க நேரம் கிடைக்கும். பல நாடுகளில் குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் முதற்பாடம் கைக்குட்டையே.

முதலில் ஒரே பந்து. வலக்கையிலிருந்து இடக்கைக்கு, கண் மட்டத்தளவு எழும்படி வளைத்து எறிக. பின் இடமிருந்து வலம். பிடிப்பதைப் பற்றிக் கவலை வேண்டா. எறி ஒரே உயரத்தில் அமைந்தால் பிடி தானே அமையும். அடுத்து கைக்கொரு பந்து. முதற்பந்து உச்சியை அடையும்போது இரண்டாவதை எறிய வேண்டும். பெரும்பாலோர் இரண்டாம் பந்தை எறியாமல் ஒரு கையிலிருந்து மறுகைக்கு நீட்டிக் கொடுத்துவிடுவர். அப்பழக்கத்தை இங்கேயே விடாவிடில் மூன்றாம் பந்து ஒருபோதும் சேராது. ஆகவே இப்படியில் எத்தனை நாள் தங்கினாலும் தவறில்லை. மூன்றாவது பந்து சேரும்போது புதிய விதி எதுவும் இல்லை: ஒன்று உச்சியில் இருக்கும்போது அடுத்தது புறப்படுகிறது, அவ்வளவே. காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம் போதும். தோளிலோ மணிக்கட்டிலோ வலி தோன்றினால் அன்று நிறுத்திவிடுக. மறுநாளும் வலி நீடித்தால் எங்களிடம் காட்டுக.

ஒரு கை செயலிழந்தவர்க்கு இவ்வித்தை இல்லை என்று எண்ண வேண்டா. மூன்று பந்துகளை இருவர் சேர்ந்து, ஆளுக்கொரு கையால் சுழற்றும் முறை ஜக்ளிங் கலைஞரிடையே வெகுகாலமாக உள்ளது. நோயரின் இடப்பக்கம் தளர்ந்திருந்தால், உடனிருப்பவர் அந்த இடப்பக்கத்தில் தோளொட்டி நிற்க வேண்டும். நோயர் தம் வலக்கையாலும், உடனிருப்பவர் தம் இடக்கையாலும் எறிந்து பிடிப்பர். இரண்டும் ஒரே உடலின் இரு கைகள்போல் இயங்கும். இயன்முறைச் சிகிச்சையில் தாங்குபவர் எப்போதும் தளர்ந்த பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்பது விதி. அது இங்கே தானாகவே அமைந்துவிடுகிறது. உடனிருப்பவரின் வலக்கை ஒழிந்திருப்பதால் அதனை நோயரின் இடுப்பைச் சுற்றித் தாங்கலாக வைத்துக்கொள்ளலாம். தளர்ந்த கையைத் தொங்கவிடாமல் ஏந்துதுணியிலோ, அமர்ந்திருந்தால் தலையணை மீதோ வைத்தல் வேண்டும். முதல் நாள் இரண்டு கைக்குட்டைகளோடு தொடங்கி, எறியும்போது ஒருவர் மட்டும் வாய்விட்டு எண்ணிக்கொண்டு வந்தால் இருவர் கைகளும் விரைவில் ஒரே தாளத்திற்கு வந்துவிடும். எண்ணுபவர் நோயராகவே இருக்கட்டும்.